இரண்டு காடன்கள்

கடப்பாரையோடு ஏழெட்டுப் பேர் மேலேறி வந்தபோது, நான் நடுகல்லின் மேல் ஈரக் காகிதத்தை ஒட்டிப் பிரஷ்ஷால் தட்டிக்கொண்டிருந்தேன். எழுபதுகளின் கடைசி. கல்வெட்டுத் துறையில் உதவியாளனாகச் சேர்ந்த புதிது. போளூரில் பஸ் ஏறி, ஜவ்வாது மலையில் இறங்கி நடந்து, மேலூர் என்ற சிற்றூருக்குக் கல்லெழுத்தைக் காகிதத்தில் படி எடுக்கத் தனியாக வந்திருந்தேன்.

அது காடன் என்ற வீரனின் கல். ஊரே கும்பிடும் சாமி. எண்ணெயும் மஞ்சளும் ஏறிக்கிடந்த கல்லைக் கழுவவிடச் சொல்லி ஊர்ப் பெரியவர் சின்னாண்டியை ஒரு காலைப் பொழுது முழுக்கக் கெஞ்ச வேண்டியிருந்தது. "சோப்பு மட்டும் போடாதீங்க சார். சாமிக்கு ஆவாது" என்றுதான் சம்மதித்தார்.

வந்தவர்கள் கீழூர்க்காரர்கள். அவர்களுடைய பெரியவர் வெள்ளையன் முன்னால் நின்றார்.

"காடன் எங்க பாட்டன். அவரு கல்லு எங்க ஊர்ல கீது. இது பொய்க்கல்லு. நீ எழுதிக்கினு போனா இதுதான் நெஜம்னு ஆயிடும். தள்ளு சார், பேத்துப் போட்டுட்றோம்."

"இன்னாடா பொய்க்கல்லு?" என்று என் பக்கத்தில் நின்ற சின்னாண்டி வேட்டியை மடித்துக் கட்டினார்.

"பேப்பர் காயட்டுங்க. ஈரத்துல தொட்டா சர்க்கார் பேப்பர் கிழிஞ்சிடும்" என்றேன். சர்க்கார் என்றதும் எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

மைப்பந்தால் ஒற்ற ஒற்ற, கறுப்பில் வெள்ளையாகப் பழைய வட்டெழுத்து எழுந்தது. மெல்லப் படித்தேன். நாகன் மகன் காடன். புலியைக் குத்தி இறந்தவன்.

வெள்ளையன் முகம் மாறியது. "புலியா? எங்க காடன் மாடு மீக்கப் போயில்ல செத்தாரு?"

"உங்க கல்லையும் காட்டுங்க."

எல்லோரும் கீழூருக்கு இறங்கினோம். சின்னாண்டியும் விடாமல் கூட வந்தார். அங்கிருந்த கல்லிலும் படி எடுத்தேன். வேலன் மகன் காடன். கள்வர் ஓட்டிப்போன மாடுகளை மீட்டு இறந்தவன். எழுத்தைப் பார்த்தால் மேலூர்க் காடனுக்குச் சில தலைமுறை பிந்தியவன்.

"அப்ப ரெண்டு பேரா சார்?" என்றார் வெள்ளையன்.

"ரெண்டு பேருங்க. பேருதான் ஒண்ணு."

"அதான பாத்தேன்" என்றார் சின்னாண்டி. "ஒரே ஆளு எப்டி ரெண்டு தபா சாவான்?"

வெள்ளையனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "எங்க ஊர்லயே நாலு வெள்ளையன் கீறோம். இது ஒருத்தனுக்கும் தோணலியே!"

அன்று வெள்ளையன் வீட்டில் எங்களுக்குச் சாமைச் சோறு. சின்னாண்டி அந்த வீட்டில் கை நனைத்துப் பல வருஷமாயிற்றாம். பாதிச் சாப்பாட்டில் புதுச் சண்டை கிளம்பியது: புலியைக் குத்தியவன் பெரியவனா, மாட்டை மீட்டவன் பெரியவனா? "நீயே சொல்லு சார்" என்றார்கள். வாயில் சோறு இருப்பதாகச் சைகை காட்டினேன்.

துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கல்லில் பெயர் கிடைத்ததும் எழுந்துவிடாதீர்கள். அவன் யார் மகன், எதற்காகச் செத்தான் என்பதுவரை படியுங்கள். அதற்குமேல் ஊர்க்காரர்கள் என்ன கேட்டாலும் இன்னொரு கவளம் எடுத்துக்கொள்ளுங்கள்.