முன்னால் தள்ளிய சீட்

ஹெலிகாப்டர் ஓட்டுவதற்குக் கேட்கிற உயரத்தைவிட என் அக்கா ஒரு விரற்கடைதான் கூடுதல். அந்த விரற்கடையும் மருத்துவப் பரிசோதனையன்று கொண்டையைத் தூக்கிப் போட்டதால் வந்தது என்பார் அத்தான். அக்கா அதை மறுத்ததும் இல்லை, ஒப்புக்கொண்டதும் இல்லை.

தீவுகளில் இருக்கும் சின்னச் சின்ன மருத்துவ நிலையங்களிலிருந்து நோயாளிகளை நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவது அவள் வேலை. நான் இருப்பது வேறு நாட்டில். காலையில் எழுந்ததும் என் ஊரில் மழையா வெயிலா என்று பார்க்கிறேனோ இல்லையோ, அவள் ஊரில் காற்று எப்படி என்று போனில் பார்த்துவிடுவேன். சொன்னால், "இங்க காத்தடிச்சா உனக்கு ஏண்டா அங்க ஜலதோஷம் பிடிக்குது?" என்று கேட்பாள்.

சின்ன வயதிலேயே அவளுக்கும் மின்சாரத்துக்கும் ஒரு வழக்கு நடந்தது. எங்கள் வீட்டு அழைப்பு மணி யாரும் தொடாமலே அடிக்கும். அப்பா மணியை மாற்றினார், பொத்தானை மாற்றினார், கடைசியில் பேய் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விட்டார். அக்கா மட்டும் வாசற்படியை விட்டு எழுந்திருக்கவில்லை. "ஏன் அடிக்குதுன்னு அப்புறம் பாக்கலாம். எப்ப அடிக்குதுன்னு முதல்ல பாப்போம்." பக்கத்து வீட்டில் தண்ணீர் மோட்டார் போடும்போதெல்லாம் அடிக்கிறது என்று கண்டுபிடித்தாள். அன்றிலிருந்து வீட்டில் எது மக்கர் செய்தாலும் அவளைத்தான் கூப்பிடுவோம்.

அப்படிப்பட்டவள், போன விடுமுறையில் நான் போய் இறங்கியபோது வாடிப்போய் இருந்தாள். எதைக் கேட்டாலும் ஒரு வார்த்தையில் பதில். அத்தான்தான் விஷயத்தைச் சொன்னார்.

அவள் ஓட்டும் ஹெலிகாப்டரில் ஜெனரேட்டர் நடுவானில் நின்றுபோகிறது. எச்சரிக்கை விளக்கு எரியும். அதன்பிறகு பேட்டரியை நம்பித்தான் பறக்க வேண்டும். பேட்டரி அதிக நேரம் தாங்காது. சுவிட்சை அணைத்துப் போட்டால் ஜெனரேட்டர் மறுபடி வேலை செய்யும், கொஞ்சம் பறந்ததும் மறுபடி நிற்கும். ஒருநாள் தீவில் நெஞ்சுவலிக்காரர் ஒருவர் காத்திருக்க, பாதி வழியில் அக்கா திரும்பிவிட்டாள். அவரைப் படகில் கொண்டுவந்தார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனாலும் அக்காவைப் பற்றிப் பேச்சு கிளம்பிவிட்டது.

மற்ற இரண்டு பைலட்டுகள் ஓட்டும்போது ஒன்றுமே ஆவதில்லை, அதுதான் சிக்கல். புது ஜெனரேட்டர் போட்டார்கள். சுவிட்சை மாற்றினார்கள். அது பழைய மெஷின், நடந்ததைப் பதிந்து வைக்கும் கருவி எதுவும் அதில் கிடையாது. சொன்னது இவள் ஒருத்திதான்.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கமும் இருந்தது. கோளாறு என்று சொன்னவரே சோதனைக்குப் பறக்கக் கூடாது. தேடுகிறவர் கண்ணுக்குத் தேடுவதெல்லாம் தெரியும் என்பதற்காக. ஆகவே ஒவ்வொரு முறையும் சீஃப் பைலட்தான் ஏறிப் பார்ப்பார். ஆறரை அடி உயரம், அவர் காதில் விழாத இடத்தில் அவருக்குக் கொடிக்கம்பம் என்று பெயர். இறங்கி வந்து, "நல்லாத்தான்மா இருக்கு" என்பார். கடைசியாகச் சொன்னபோது இன்னொன்றும் சேர்த்துக்கொண்டார். "மெஷினுக்கு ஆள் பாத்து மனசு மாறாதும்மா. இன்னொரு தடவை இப்படின்னா கொஞ்ச நாள் ஆபீஸ்ல உக்காருங்க. யாருக்கு எப்ப டியூட்டின்னு போடற வேலை. ரெஸ்ட் மாதிரி நெனச்சுக்கங்க."

அந்த ரெஸ்ட்டிலிருந்து எழுந்து மறுபடி பறக்கப் போனவர் யாரும் இல்லை.

"விளக்கு எரிஞ்சதை ரிப்போர்ட்ல எழுதாம விட்டுட்டா என்ன?" என்று அவளிடம் கேட்டேன். பயத்தில் கேட்டதுதான். அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் பள்ளிக்கூடத்துக்கே திரும்பிப் போய்விட்டேன். "பின்னால ஸ்ட்ரெச்சர்ல ஒருத்தர் படுத்திருப்பாருடா. அவருக்கு வாயில ஆக்ஸிஜன் மாஸ்க். அவர் எப்படிக் கேட்பாரு, விளக்கு எரியுதான்னு?"

மறுநாள் மூவரும் கடைக்குக் கிளம்பினோம். முன்தினம் காரை எடுத்தவள் அக்கா. அத்தான் நல்ல வாட்டசாட்டமான ஆள், கணக்கு வாத்தியார். டிரைவர் சீட்டில் உட்காரப் போனவர் முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்து, "அம்மா" என்றார்.

"கல்யாணத்தன்னிக்கே யாராவது சொல்லியிருக்கலாம். இவளைக் கட்டினா முட்டி மிஞ்சாதுன்னு."

அக்கா கதவில் வைத்த கையை எடுக்காமல் நின்றாள். "ஏங்க, இப்ப என்ன பண்ணீங்க?"

"என்ன பண்ணேன்? சீட்டைப் பின்னால தள்ளினேன்."

"அதுக்கு முன்னால?"

"உன்னைத் திட்டினேன்."

"இல்லங்க. தள்ளணும்னு யோசிச்சுத் தள்ளினீங்களா?"

"இதுக்கெல்லாமா யோசிப்பாங்க? கை தானாப் போகும்."

அக்கா காரில் ஏறிக் கடைவரைக்கும் டிரைவர் சீட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். கடையில் வெங்காயம் பொறுக்கும்போது, எனக்குச் சொல்வதுபோல வெங்காயத்துக்குச் சொன்னாள். "ஹெலிகாப்டர்ல நான் மட்டும்தான் சீட்டை அது நகர்ற தடத்தோட கடைசிப் பல் வரைக்கும் முன்னால தள்ளி உக்கார்றேன். வேற யாரும் சீட்டை அங்க கொண்டுபோனதே இல்ல."

அடுத்த நாள் காலை அவள் காரை ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து, ஹெலிகாப்டர் நிற்கும் ஹேங்கருக்குப் போனேன். காரை வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவர ஆள் வேண்டும் என்று அழைத்துப் போனாள். அவள் பாட்டுக்கு ஹார்ன் அடித்துக்கொண்டு போனாள்.

ஹேங்கரில் எண்ணெய் வாடை. இன்ஜினியர் ஏணியில் இருந்தார். வாயில் எப்போதும் சின்ன டார்ச்சைக் கவ்வியிருப்பதால் அவரை டார்ச் என்றே கூப்பிடுவார்கள். சீஃப் கையில் டீயோடு வந்தார்.

"சார், இன்னொரு டெஸ்ட் வேணும்," என்றாள் அக்கா. "நீங்கதான் உக்காரணும். பறக்கக்கூட வேண்டாம், தரையிலேயே இறக்கை சுத்தினாப் போதும். ஒண்ணே ஒண்ணு. நான் வெச்ச சீட்டை நகர்த்தக் கூடாது."

"ஒண்ணும் வரலேன்னா?"

"அந்த ஆபீஸ் நாற்காலியை நானே தொடச்சுட்டு உக்காந்துக்கறேன்."

டார்ச் வாயிலிருந்த டார்ச்சை எடுத்தார். அது அபூர்வம். "கேப்டன், கொஞ்சம் யோசிச்சு..."

"யோசிச்சாச்சு."

அவள் ஏறி, சீட்டை முன்னால் தள்ளிப் பூட்டிவிட்டு இறங்கினாள். சீஃப் ஏறினார். ஏறினார் என்று சொல்வது மரியாதைக்கு. மடித்து உள்ளே வைக்கப்பட்டார். முழங்கால்கள் இரண்டும் தாடையைத் தொடாத குறை. "இதுல உக்காந்தா நீங்க பறக்கறீங்க?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"நல்லாத்தான் சார் இருக்கு," என்றாள் அக்கா.

எஞ்சின் பிடித்தது. இறக்கை சுழன்று, தரையே அதிர்ந்தது. டார்ச் காதில் ஹெட்செட்டோடு நின்றார், அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நேரம் போனது. ஒன்றும் இல்லை. டார்ச் எங்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். நான் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் அவள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது பூட்ஸின் முனை மட்டும் தட்டிக்கொண்டே இருந்தது.

உள்ளே சீஃபுக்குக் கால் மரத்திருக்க வேண்டும். கனத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து உட்கார்ந்தார். உடனே டார்ச் ஒரு கையைத் தூக்கினார்.

"என்ன சொல்றாரு?" அக்கா கத்திக் கேட்டாள்.

"எரியுதாம்," என்று கத்தினார் டார்ச். "மீட்டர் சைபராம். அப்புறம் ஒரு கெட்ட வார்த்தை."

எஞ்சினை நிறுத்தியதும் டார்ச் சீட்டுக்கு அடியில் தலையை விட்டார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. கடைசிப் பல்லுக்கு நேர் கீழே ஜெனரேட்டரின் வயர்க் கட்டு போகிறது. அதைப் பிடித்திருக்க வேண்டிய கிளிப் கழன்று எங்கோ போயிருந்தது. சீட் முழுக்க முன்னால் வந்து, மேலே ஆள் கனமும் அதிர்வும் சேர்ந்தால், சீட்டின் இரும்பு விளிம்பு வயரைத் தேய்க்கிறது. உறை தேய்ந்து செம்பு மினுங்கியது; அது இரும்பில் பட்டதும் ஜெனரேட்டர் நின்றுவிடுகிறது. "நான் சீட்டைக் கழட்டிட்டுத்தானே வயரைச் செக் பண்ணேன்," என்றார் டார்ச், இருமுறை. "சீட் இருந்தாத்தானே இடிக்கும்."

சீஃப் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே வெளியே வந்தார். வயரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "ஒவ்வொரு தடவையும் ஏறினதும் சீட்டைப் பின்னால தள்ளிட்டுத்தான் நான் எல்லாத்தையும் செக் பண்ணியிருக்கேன்," என்றார். பிறகு, "இனிமே சொன்னவங்களும் கூட வரட்டும், டெஸ்டுக்கு. அவங்க எப்படி உக்கார்றாங்களோ அப்படியே." அந்த வழக்கம் அன்றோடு மாறியது. இன்றும் அப்படித்தான் நடக்கிறது என்று அக்கா சொல்கிறாள்.

புது வயர், புது கிளிப், சோதனைப் பறப்பு எல்லாம் முடிந்து சாயங்காலம் ஆவதற்குள் தீவிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. பிரசவ வலியில் ஒரு பெண். அக்கா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே நடந்தாள். ஏறினாள். சீட்டை முன்னால் தள்ளினாள், கடைசிப் பல் வரைக்கும். சீஃப் வெளியே நின்று, சும்மா இல்லாமல், "மேடத்துக்கு இடம் போதுமா?" என்றார்.

"உங்களுக்கும் ஒரு சீட் இப்படி முன்னால தள்ளி வைக்கட்டுமா சார்?"

கடலுக்கு மேலே ஒரு புள்ளியாகும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். காற்று எப்படி என்று போனை எடுத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

பிறகு காருக்கு வந்து உட்கார்ந்தேன். முழங்கால் ஸ்டியரிங்கில் நன்றாகவே இடித்தது. கை தானாகச் சீட்டுக்கு அடியில் போயிற்று. கையை எடுத்துவிட்டேன். அவள் வைத்த இடத்திலேயே, மடங்கி உட்கார்ந்து, வீடுவரைக்கும் ஓட்டிக்கொண்டு போனேன்.