எஸ்தர் அம்மாள் அடிக்க மறுத்த வரி

எஸ்தர் அம்மாள் காலமான செய்தி, குறுக்கு விசாரணையின் நடுவே துண்டுச்சீட்டாக என்னிடம் வந்தது. வாய்தா கேட்டு வெளியே வந்தேன். ஆர்.எஸ்.புரத்திலுள்ள என் வழக்கறிஞர் அலுவலகத்தில் பதினாறு ஆண்டுகள் தட்டச்சராக இருந்தவர் அவர்.

கணவரை இழந்தவர். ஒரே மகன் ஜெயசீலன், கல்லூரித் தேர்வில் தோற்ற வாரம் வீட்டைவிட்டுப் போனார், திரும்பவில்லை. அவ்வாண்டு அம்மையார் அடித்த மனுக்களில் பக்கத்துக்கு நான்கு பிழைகள் இருந்தன. பிறகு, காரமடையிலிருந்து வரும் பேருந்தில் வேதாகமத்தின் தீர்க்கதரிசனங்களை வாசிக்கத் தொடங்கினார். பிழைகள் நின்றன. அதுவே காரணம் என்று நான் உறுதியாகக் கூற இயலாது.

அலுவலகத்தை ஒட்டிய அறையை அவர் தங்கத் தருவதாகச் சொன்னேன். "வேண்டாமுங்க சார். அவனுக்குத் தெரிஞ்ச விலாசம் காரமடை ஒண்ணுதானுங்க" என்றார்.

ஏழாண்டுகள் தகவலில்லாதவரை இறந்தவராகக் கருதச் சட்டம் இடமளிக்கிறது. ஏழாண்டு முடிந்ததும் அம்மையாரின் தம்பி வந்தார். ஜெயசீலனை நீதிமன்றம் அவ்வாறு அறிவிக்கச் செய்து, வீட்டை விற்று, அக்காவைத் தம்மோடு அழைத்துக்கொள்ள விரும்பினார். வழக்குரையை நான் அம்மையாரிடமே சொல்லி அடிக்கச் செய்தேன். அது என் தவறு. 'வாதியின் மகன் இறந்துவிட்டார்' என்ற வரியில் அவர் கை நின்றது.

"ஏங்க்கா, உங்க தீர்க்கதரிசி வந்து வீட்டுக்கு ஓடு மாத்துவாரா?" என்றார் தம்பி.

"மாத்தாட்டிப் போறாரு. வேதத்துல பாரு, ஊரை எதிரி வளைச்சிருக்கான். அந்தத் தீர்க்கதரிசி காவல்ல கிடக்கறாரு. அப்பத்தான் நிலம் வாங்கிப் பத்திரத்தை மண்பாண்டத்துல வெச்சாரு. போனவங்க திரும்பி வருவாங்கன்னு கடவுள் சொன்னாரில்ல?" என்னிடம் திரும்பினார். "அந்தப் பத்திரம் செல்லுமுங்களா சார்?"

"சாட்சிகள் ஒப்பமிட்டார்களா?"

"போட்டாங்க. முத்திரையும் உண்டுங்க."

"அப்படியானால் செல்லும்" என்றேன்.

தாளை உருவி என் மேசையில் வைத்துவிட்டு, அடுத்த கட்சிக்காரரின் மனுவை அடிக்கத் தொடங்கினார்.

கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியின் வாசகத்தை என்னையே எழுதச் சொன்னார் தம்பி. துயருறுவோர் வரிசையில் முதலில் 'மகன் ஜெயசீலன்' என்று எழுதினேன்.

"இருக்கானான்னே தெரியாதுங்களே சார்."

"தெரியாது. அப்படியே அச்சிடச் சொல்லுங்கள்."

அமைதியாக உறங்குங்கள், அம்மா. அடக்கத்தன்று காரமடையில், மேட்டுப்பாளையம் பேருந்து நிற்கும்போதெல்லாம், இறங்குவோரின் முகங்களை நான் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.