அப்பாவின் முகத்தில் வைத்த பொட்டு

இன்று காலை நம் ஊர் ஜமீன் வீட்டுக் காட்சிசாலையின் ஆவண அறையில் இருந்தது மூன்றே பேர்: நான், என் ஓரகத்தி சரோஜா, காப்பாளர்.

நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா இறந்துவிட்டார். அவர் இருக்கும் ஒரே படம், அந்த வீட்டு வேலையாட்களோடு நிற்பது, அங்கேதான் இருக்கிறது. இன்றுதான் பார்க்க அனுமதி கிடைத்தது.

உறையைப் பிரித்தால் எல்லா முகத்திலும் சந்தனம், குங்குமம்! கண்ணாடி போடாத வெறும் படம். முகங்களே மிளகளவுதான். தணிகைநாதா என்று கத்திவிட்டேன்.

"ஆங், ஆயுத பூஜைக்கு நாந்தாம்மா வெச்சேன். செத்தவங்க படத்துக்குப் பொட்டு வெக்காம உட்டா நல்லாவா இருக்கும்?" என்றார் காப்பாளர்.

சரோஜா விடவில்லை. "கோடியில நிக்கிறவரு எங்க மாமாய்யா. அரக்கோணத்துல உசுரோட கீறாரு. அவருக்கும் வெச்சிட்டியே!"

"எல்லாருக்கும் ஒண்ணா வெச்சிட்டேம்மா."

நானும் தினமும் பூஜை செய்கிறவள்தான். பொட்டைக் கண்ணாடிமேல் வைப்போம், காகிதத்திலா பூசுவோம்? துடைத்தால் முகமும் சேர்ந்து வந்துவிடுமாம்.

"எங்க நைனா எதுன்னாவது காட்டுங்க" என்றேன்.

"இடது பக்கத்துலேர்ந்து மூணாவதும்மா."

மூன்றாவது பொட்டைப் பார்த்துவிட்டு வந்தேன்.

சரோஜாவின் மாமாவிடம் பிரதி இல்லை. அந்த வீட்டில் வேலை பார்த்த மற்றவர்கள் குடும்பத்தில் யாரிடமாவது இந்தப் படம் இருக்கிறதா? தயவுசெய்து சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.