ஹிண்டா வாசிப்பை நிறுத்திய வாரம்

ஃபிஷல் பேச ஆரம்பித்தால் பெண்கள் பக்கத்தில்கூடக் குசுகுசுப்பு நின்றுவிடும். ஒவ்வொரு சனிக்கிழமை ஓய்வுநாள் காலையிலும், எங்கள் யூத ஜெபக்கூடத்தில் வேதமான தோராச் சுருளை வாசிக்க வெளியே எடுப்பதற்கு முன், அந்த வாரப் பகுதியைப் பற்றி அவர்தான் பேசுவார். கையில் குறிப்பு எதுவும் இருக்காது. எங்கள் தெருவில் பாதி வீடுகளில் மதியச் சாப்பாட்டின்போது அவர் சொன்னதைத்தான் திருப்பிச் சொல்வார்கள்.

பெண்கள் உட்காரும் மாடியில், மரச் சல்லடைத் தட்டிக்குப் பின்னால், எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதையெல்லாம் கேட்டவள் அவருடைய மனைவி ஹிண்டா. இருவரும் பிரிந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. அவள் தங்கை வீட்டுப் பின்னறையில் குடியிருந்தாள். கல்யாணமான எங்கள் பெண்கள் சொந்த முடியை மறைக்க அணியும் டோப்பாக்களைக் கழுவிச் சுருள்பிடித்துக் கொடுப்பது அவள் பிழைப்பு. அந்த அறைக்குள் போனால் அலமாரி நெடுக டோப்பா மாட்டிய மரத்தலைகள் உட்கார்ந்திருக்கும். ஜெபக்கூடத்தில் எங்கள் பின்வரிசையில் உட்காரும் கிட்டலின் டோப்பாவைக் காட்டி, "மூஞ்சி இல்லாம கிட்டல் எவ்வளவு லட்சணமா இருக்கா, பாரு" என்பாள். சிரிக்கமாட்டாள்.

கணவன் தன் கையால் விவாகரத்துச் சீட்டைக் கொடுத்தால்தான் எங்களில் ஒரு பெண் விடுபட முடியும். அவனுக்குப் பதிலாக நீதிபதிகள் கொடுக்க முடியாது. மிரட்டி வாங்கினால் செல்லாது. ஃபிஷல் தரமாட்டேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. மத நீதிமன்றத்தில் நீதிபதிகள் கடிந்துகொண்டால் தலையைக் குனிந்துகொண்டு "தரேன்" என்பார். அவர்கள் குரல் தணிந்ததும் உடம்பு சரியில்லை என்பார், சீட்டை எழுதும் எழுத்தர் மேல் நம்பிக்கை இல்லை என்பார். ஒருமுறை எழுத்தர் இறகுப் பேனாவை மையில் தோய்த்த பிறகு, கீழே குடையை மறந்துவிட்டேன் என்று இறங்கிப் போனவர் திரும்பி வரவேயில்லை. அலுவலகத்தைப் பூட்ட வந்த காவலாளி சொல்லித்தான் ஹிண்டா எழுந்து வீட்டுக்குப் போனாள்.

அவளுக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு கல்யாணம் வேண்டும், முடிந்தால் ஒரு குழந்தை வேண்டும் என்று என்னிடம் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். டோப்பா கொடுக்கப் போகும் இடத்தில் கைக்குழந்தை இருந்தால் வாசலிலேயே நின்று கொடுத்துவிட்டு வந்துவிடுவாள். வேறு ஜெபக்கூடத்துக்குப் போயேன் என்று தங்கை சொன்னபோது, "நான் எதுக்குப் போகணும்? கீழே எங்கப்பா உட்கார்ந்த பெஞ்சு இன்னும் இருக்கு" என்று முடித்துவிட்டாள். அந்தப் பெஞ்சுக்கு அடுத்த பெஞ்சில்தான் ஃபிஷல் உட்காருவார்.

அந்த வாரப் பகுதி, அடிமைகளாயிருந்த எங்கள் ஜனங்களை விட மறுத்த பார்வோன் ராஜா மேல் கடவுள் மோசே மூலம் அனுப்பிய எகிப்தின் வாதைகள் தொடங்குவது. வெளியே எருசலேமின் குளிர்கால மழை. ஃபிஷல் நல்ல உற்சாகத்தில் இருந்தார்.

"பார்வோன் படுக்கையில தவளை. அடுப்புக்குள்ள தவளை. மாவு பிசையற தொட்டியில தவளை. மோசே வந்து கேக்கறார், தவளையெல்லாம் எப்போ போகணும், நீயே சொல்லு. இவன் என்ன சொல்றான்? நாளைக்கு! எந்த மடையனாவது தவளையோட இன்னொரு ராத்திரி படுப்பானா?"

"எம் பொண்டாட்டியைக் கேளும் ஓய்!" என்று மீன்கடை நோசன் கத்தினான். "மீன் நாத்தத்தோட தினமும் படுக்கறா!"

கூடமே சிரித்தது. சிரிப்பு அடங்கும்வரை ஃபிஷல் காத்திருந்தார்.

"இப்பவே போகட்டும்னு சொன்னா மோசே ஜெயிச்சதா ஆயிடும். நாளைக்குன்னு சொன்னா இன்னொரு ராத்திரி அவன்தான் ராஜா. கெட்ட மனசு எந்த வலியையும் தாங்கிக்கும். பிடியை மட்டும் விடாது."

கீழே ஆமோதிக்கும் முனகல் எழுந்தது. பின்வரிசையிலிருந்து கிட்டல் எட்டிப்பார்த்து, "என்னமா பேசறார்!" என்றாள்.

"தெரிஞ்ச விஷயமாச்சே" என்றாள் ஹிண்டா.

நிர்வாகி லேய்பிஷ் சுருள் இருக்கும் பெட்டகத்தின் திரையை விலக்கப் போனார். ஹிண்டா எழுந்து நின்று, தட்டியின் விளிம்பில் உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள்.

எங்களிடம் ஒரு பழைய உரிமை உண்டு. நியாயம் கிடைக்காத ஒருவர் எழுந்து தோரா வாசிப்பை நிறுத்தலாம். அவர் குறையைக் கேட்டு ஒரு வழி சொல்லும்வரை சுருள் வெளியே வராது. இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் எங்கள் ஜெபக்கூடத்தில் யாரும் செய்து நான் பார்த்ததில்லை. அதுவும் மாடியிலிருந்து செய்வார்கள் என்று யாரும் நினைத்ததில்லை.

"யாரும்மா அது? வாசிப்பு நேரம், உட்காருங்க" என்றார் லேய்பிஷ்.

"வாசிப்பை நிறுத்தறேன்."

"ஹிண்டாவா? ஓய்வுநாளும் அதுவுமா எதுக்கு வம்பு? அப்புறம் பேசிக்கலாம்."

"அப்புறம் அப்புறம்னு தலை நரைச்சாச்சு, லேய்பிஷ். எனக்குச் சீட்டு வேணும். ரப்பியைக் கேளுங்க, எனக்கு நிறுத்த உரிமை இருக்கா இல்லையா?"

எல்லோரும் எங்கள் மதகுரு ரப்பி ஸலிக்கைப் பார்த்தார்கள். பொறுத்துக்கொள் என்று அவளிடம் பல வருடங்களாகச் சொல்லிவந்தவர் அவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். "இருக்கு" என்றார். "திரையை விடு."

கிட்டல் அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். "ஆம்பளைங்க முன்னாடி மானம் போகுதுடி, உட்காரு!"

"உன் டோப்பா கோணிக்கிட்டு நிக்குது. முதல்ல அதைச் சரிபண்ணு."

கீழே ஆண்கள் நெளிய ஆரம்பித்தார்கள். வீடுகளில் முந்தைய நாளே அடுப்பில் ஏற்றிய இறைச்சிக் குழம்பு வற்றிக்கொண்டிருக்கும். "குடுத்துத் தொலையும் ஃபிஷல். என் வயித்துக்காகவாவது குடும்!" என்றான் நோசன்.

ஃபிஷல் நிதானமாக எழுந்தார். அதே அழகான குரல். "நான் எப்பய்யா தரமாட்டேன்னேன்? ஓய்வுநாள்ல எழுதக்கூடாதுன்னு குழந்தைக்குக்கூடத் தெரியும். நாளைக்கு வந்து தரேன்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. தான் சொன்ன வார்த்தை அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும். தாடியைத் தடவியபடி உட்கார்ந்துவிட்டார்.

ரப்பி அவர் முன்னால் வந்து நின்றார். "நாளைக்குக் காலையில நானே உன்னைக் கூட்டிட்டுப் போறேன். வரலைன்னா இந்தக் கூடத்துல உனக்கு இடம் கிடையாது. உன்கிட்ட யாரும் பேசமாட்டோம். உன்னையும் பேசவிடமாட்டோம்." பிறகு மேலே பார்த்தார். "போதுமா ஹிண்டா?"

போதாது. ஆனால் அவர் கையில் இருந்தது அவ்வளவுதான்.

"படிங்க" என்றாள்.

வாசிப்பு முடியும்வரை அவள் உட்காரவில்லை. அன்று படியிறங்கும்போது பெண்கள் அவளுக்கு வழிவிட்டார்கள். சிலர் கையைத் தொட்டார்கள், சிலர் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ரப்பி மழையில் நனைந்துகொண்டு போனார். ஃபிஷலின் வீட்டு ஜன்னல்கள் சாத்தியிருந்தன. பெட்டியோடு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். நீதிமன்ற நடையில் காத்திருந்த ஹிண்டாவிடம் ரப்பியே வந்து அதைச் சொன்னார். அவள் அவருக்குத் துடைத்துக்கொள்ளத் தன் துண்டைக் கொடுத்தாள்.

ரப்பி வாக்கைக் காப்பாற்றினார். ஃபிஷலின் இடம் எடுக்கப்பட்டது, பெயரைச் சொல்வதுகூட நின்றது. ஆனால் இந்த நகரத்தில் ஜெபக்கூடங்களுக்கா பஞ்சம்?

வாரக் கடைசியில் கிட்டல் தன் டோப்பாவைக் கொண்டுவந்தாள். ஹிண்டாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "அவரை வேற ஒரு கூடத்துல பேசக் கூப்பிட்டிருக்காங்களாம். இந்த வாரம் இருட்டு வாதை வருதில்ல, அதைப் பத்தி."

"எங்க?"

"பஸ் நிலையத்துக்குப் பின்னால, பெரிய கூடம். அவங்களுக்கு ஒண்ணும் தெரியாதுடி."

ஹிண்டா டோப்பாவை மரத்தலையில் மாட்டி ஊசி குத்தினாள். "பொம்பளைங்க மாடியிலயா, பக்கத்து அறையிலயா?"

"மாடியிலதான். ஏன்?"

"மாடின்னா நல்லது. அறைன்னா குரல் போகாது."

ஓய்வுநாளில் வண்டி ஏறமாட்டோம். குன்றை இறங்கி இன்னொரு குன்றை ஏறி நடந்தோம். கிட்டலும் வந்தாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. வழியெல்லாம் செருப்பு கடிக்கிறது என்று புலம்பிக்கொண்டே வந்தாள்.

அந்த மாடியில் எங்களை யாருக்கும் தெரியாது. முன்வரிசையில் ஒரு பெண் நாற்காலியிலிருந்து தன் கோட்டை எடுத்தாள். "உட்காருங்கம்மா. இந்த வாரம் பேசறவர் ரொம்ப நல்லாப் பேசுவாராம்."

"பேசுவார்" என்றாள் ஹிண்டா. "நான் நின்னுக்கறேன்."