கறுப்புக் கட்டையா, வெள்ளைக் கட்டையா?

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவிநாசி ரோட்டை ஒட்டிய ஒரு பள்ளிக்கூட ஆடிட்டோரியத்தில் சிறுவர்களுக்கான மேற்கத்திய இசைப் போட்டி நடந்தது. நான் கோவையில் வீட்டிலேயே பியானோ சொல்லிக்கொடுப்பவள். அன்றுதான் முதல் தடவையாக என் மாணவர்கள் மூன்று பேரைப் போட்டிக்கு அனுப்பினேன். இதுவே கடைசித் தடவையாகவும் இருக்கட்டும் என்று காலை ஒன்பது மணிக்கே முடிவு செய்துவிட்டேன். அவ்வளவு வெறுத்துப்போயிருந்தது.

போட்டிக்குத் தயார் செய்வது என்றால் பிள்ளைகளை உட்காரவைத்து வாசிக்கச் சொல்வது என்று நினைத்திருந்தேன். அது கடைசி வேலை. முதலில் ஃபாரம் நிரப்ப வேண்டும். என் மாணவன் ஒருவனின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, பள்ளி அடையாள அட்டையில் வேறு மாதிரி, அவன் அப்பா ஃபோனில் சொல்வது மூன்றாவது மாதிரி. வெப்சைட் மூன்றையும் ஏற்கவில்லை. அவன் அப்பா டாக்டர். தினமும் ஒரு மெசேஜ் அனுப்புவார். "மிஸ், ஃபர்ஸ்ட் பிரைஸ் வாங்க என்னங்க பண்ணோணும்?" தினமும் முக்கால் மணி நேரம் வாசிக்கச் சொல்லுங்க என்று பதில் போட்டேன். "அது தவிர வேற ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

இரண்டாவது மாணவி ஜவுளிக் கடைக்காரர் மகள். அவள் அம்மாவுக்குக் கவுன் என்ன கலர் என்பதைத் தவிர வேறு கவலை இல்லை. மேடையில் திரை என்ன நிறம் என்று கேட்டு ஏற்பாட்டாளர்களுக்கே ஃபோன் போட்டுவிட்டார். கடைசி ஒத்திகையன்று அந்தப் பெண் இரண்டு கையிலும் ஈர மருதாணியோடு வந்து, விரலை மடக்கக்கூடாது மிஸ் என்று சொல்லிவிட்டுச் சோபாவில் உட்கார்ந்துகொண்டாள்.

மூன்றாவது பெண் சூலூரிலிருந்து அம்மாவுடன் டவுன் பஸ் பிடித்து வருவாள். அப்போது ஆறாம் வகுப்பு. அம்மா மில்லில் வேலை பார்க்கிறார், அப்பா லாரி ஓட்டுகிறார். வீட்டில் ஒரு சின்ன கீபோர்டு மட்டும்தான். மற்றபடி அவர்கள் சர்ச்சில் இருக்கும் ஆர்கனில் போய்ப் பழகிக்கொள்வாள். சொன்ன நேரத்துக்கு வருவாள், சொன்னதைச் செய்வாள். ஃபாரத்தைக்கூட ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் நிரப்பிக் கொடுத்தார்கள். எனக்கு எந்தத் தொல்லையும் தராததாலேயே அவளைப் பற்றி நான் அதிகம் யோசித்ததில்லை.

பன்னிரண்டு வயதுக்குள்ளான பிரிவில் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் வாசிக்க வேண்டும். இரண்டு பக்கத்துக்கு ஒரு பழைய நடன இசை. நான் பத்து வயதில் வாசித்தது என்பதால் எனக்கு ஒரே சந்தோஷம். புத்தகத்தைப் பார்க்காமலே விரல் ஓடும். மூன்று பேருக்கும் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டியே சொல்லிக்கொடுத்துவிட்டேன். இரண்டாம் பக்கத்தில் ஓரிடத்தில் ஒரே ஸ்வரம் அடுத்தடுத்து இரண்டு தடவை வரும். முதலில் பியானோவின் கறுப்புக் கட்டை, அடுத்து அதையொட்டிய வெள்ளைக் கட்டை என்று சொல்லிக்கொடுத்தேன். "அந்த வெள்ளைக் கட்டையிலதான் பாட்டே எறங்கி வந்து உக்காருது, கவனமா வாசிங்க" என்று பெரிய வியாக்கியானம் வேறு.

போட்டியன்று ஒன்பதுக்குத் தொடங்க வேண்டியது பதினொன்றரைக்குத் தொடங்கியது. அதற்குள் டாக்டர் மகனுக்கு மூன்று தடவை பசித்துவிட்டது. ஜவுளிக் கடை அம்மா மகளை மேடைப் பக்கம் நிற்கவைத்து ஃபோட்டோ எடுத்து எடுத்து, இருந்த கொஞ்ச தைரியத்தையும் போக்கிவிட்டார். நடுவர் பெங்களூரிலிருந்து வந்தவர். வயதானவர், மெதுவாகப் பேசினார். முன்னால் ஒரு மேசையில் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

முதலில் வாசித்த மூன்று பேரும் வேறு டீச்சர்களிடம் கற்றவர்கள். மூன்று பேரும் அந்த இடத்தில் இரண்டு தடவையும் கறுப்புக் கட்டையையே அழுத்தினார்கள். எனக்குத் தாங்கவில்லை. பக்கத்தில் இருந்த டாக்டரிடம் குனிந்து, "பாருங்க, ஒருத்தருக்குக்கூட ஒழுங்காச் சொல்லித்தரலைங்க" என்றேன். அவர் திருப்தியாகத் தலையாட்டினார். அடுத்து அவர் மகன் வாசித்தான். வெள்ளைக் கட்டையைச் சரியாகப் பிடித்தான். பிறகு ஜவுளிக் கடைப் பெண், அவளும் அப்படியே. எனக்கு மூச்சே அப்போதுதான் வந்தது.

கடைசியாகச் சூலூர்ப் பெண் வந்தாள். ஸ்டூல் அவளுக்கு உயரம். தானே இறங்கி, திருகித் தாழ்த்திவிட்டு உட்கார்ந்தாள். என் மூன்று பேரில் நன்றாக வாசித்தது அவள்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த இடம் வந்ததும் கறுப்பு, மறுபடியும் கறுப்பு. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. இத்தனை மாதம் வகுப்பில் சரியாக வாசித்துவிட்டு, முன்னால் வாசித்தவர்களைப் பார்த்துக் கடைசி நிமிடத்தில் மாற்றிவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

அவள் இறங்கியதும் வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மற்றப் பெற்றோர்கள் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை.

"என்ன அம்மணி, யாரோ வாசிச்சதக் கேட்டுட்டு நீயும் அப்படியே வாசிச்சுப்போட்டியா? நான் எதுக்கு இத்தனை நாளாத் தொண்ட தண்ணி வத்தக் கத்தறேன்?"

"இல்லைங்க மிஸ், புக்குல..." என்று ஆரம்பித்தாள்.

"புக்கப் பத்தி நீ எனக்குச் சொல்லித் தர்றியா?" என்றேன்.

அவள் கண் நிறைந்து, துடைத்துக்கொள்ளாமல் நின்றாள். அவள் அம்மா வந்து மகளின் பையை வாங்கிக்கொண்டார். "பாப்பாவுக்குத் தலை வலிக்குதாமுங்க மிஸ். நாங்க கெளம்பறோமுங்க" என்றார். குரலில் மரியாதை துளியும் குறையவில்லை. நானும் தடுக்கவில்லை. போய்விட்டார்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நடுவர் மேடையேறிப் பொதுவாகச் சில வார்த்தைகள் சொன்னார். விரல் வைப்பது, உட்காரும் விதம் எல்லாம் சொல்லிவிட்டு, பியானோ முன் உட்கார்ந்து சரியாக அந்த இடத்தை வாசித்துக் காட்டினார். கறுப்பு, கறுப்பு. "இரண்டு பிள்ளைகள் மட்டும் இங்கே வெள்ளைக் கட்டையை வாசித்தார்கள்," என்று ஆங்கிலத்தில் சொன்னார். "இரண்டு பேரும் ஒரே மாதிரி, அத்தனை உறுதியாக வாசித்ததால், தப்பு பிள்ளைகளுடையதாக இருக்க முடியாது."

அரங்கம் சிரித்தது. டாக்டர் சிரிக்கவில்லை. மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

மடியில் இருந்த புத்தகத்தை அப்போதுதான் திறந்தேன். ஸ்வரங்களைக் கோடு போட்டுக் கட்டம் கட்டமாகப் பிரித்திருப்பார்கள். ஒரு கட்டத்துக்குள் கறுப்புக் கட்டைக்கான குறி ஒரு தடவை வந்தால் போதும். அந்தக் கட்டம் முடியும் வரை அந்த ஸ்வரம் எத்தனை தடவை வந்தாலும் கறுப்புதான், மறுபடி குறி போட மாட்டார்கள். அந்த இரண்டு ஸ்வரமும் ஒரே கட்டத்துக்குள்தான் இருந்தன. இந்த விதியை நான் ஒவ்வொரு குழந்தைக்கும் முதல் வருடமே சொல்லிக்கொடுக்கிறேன், பரீட்சையும் வைக்கிறேன். அதே நான் பத்து வயதில் தப்பாகப் படித்ததை முப்பது வருடமாகத் தப்பாகவே வாசித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு என்மேல் வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது.

பரிசு அறிவித்தார்கள். சூலூர்ப் பெண்ணுக்கு இரண்டாம் இடம். பெயரை இரண்டு முறை கூப்பிட்டார்கள், யாரும் வரவில்லை. கடைசியில் அவளுடைய சான்றிதழை வாங்க நான் எழுந்து போனேன். அவளுடைய டீச்சரா என்று நடுவர் கேட்டார். ஆமாம் என்றேன். புத்தகத்தைப் பார்த்து வாசிக்க நன்றாகப் பழக்கியிருக்கிறீர்கள் என்று கை கொடுத்தார். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. தேங்க்ஸ் என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன்.

அவள் அம்மாவுக்கு நான்கு முறை ஃபோன் போட்டேன், எடுக்கவில்லை. ஃபாரத்தில் இருந்த முகவரியைப் பார்த்து ஸ்கூட்டரிலேயே கிளம்பிவிட்டேன். சிங்காநல்லூர் சிக்னலில் நின்றபோது, டாக்டருக்கு என்ன சொல்லலாம் என்றுதான் மனசு ஓடியது. ஒவ்வொரு பதிப்பிலும் ஒவ்வொரு மாதிரி அச்சாகியிருக்கும் என்று சொல்லிவிடலாம், அவருக்கு எங்கே தெரியப்போகிறது என்று தோன்றியது.

"ஏனுங் மிஸ், இத்தன தூரம் வந்திருக்கீங்க? உள்ள வாங்க" என்று அவள் அம்மா கதவைத் திறந்தார். இரண்டு வார்த்தை திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். சேரைத் துடைத்துப் போட்டார், காபி கலக்கப் போனார். அந்தப் பெண் நாளைய ஸ்கூல் யூனிஃபார்மை அயர்ன் செய்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அயர்ன் பாக்ஸை நிமிர்த்தி வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"நீ வாசிச்சதுதான் சரி, கண்ணு. நான் சொல்லித்தந்தது தப்பு. உன்னப் பேசவிடாமக் கத்துனதும் தப்பு. என்னை மன்னிச்சுக்கோ" என்றேன். சான்றிதழைக் கையில் கொடுத்தேன். அவள் முதலில் அம்மாவைப் பார்த்தாள், பிறகு சான்றிதழைப் பார்த்தாள்.

ஒரு மாதத்துக்கு முன்பே சர்ச்சில் வாசிக்கும்போது அந்தக் குறியைக் கவனித்துவிட்டாளாம். வகுப்பில் எனக்காக வெள்ளைக் கட்டை, சர்ச்சில் கறுப்புக் கட்டை என்று இரண்டு விதமாகவும் பழகியிருக்கிறாள். அப்புறம் மேடையில் மட்டும் ஏன் மாற்றினாய் என்று கேட்டேன்.

"ஜட்ஜு முன்னால புக்கு இருந்துச்சுங்க மிஸ். அதானுங்க" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் கொஞ்சம் சிரித்தாள். உடனே முகம் மாறிக் கேட்டாள்: "அப்ப அவங்க ரெண்டு பேருக்கும் மார்க்கு போயிருச்சுங்களா மிஸ்?"

"போயிருச்சு, கண்ணு."

"அவங்ககிட்டச் சொல்லிப்போட்டீங்களா?"

சிக்னலில் யோசித்துவைத்த பொய் அந்தக் கேள்வியில் கரைந்துபோனது. சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை இரண்டு வீட்டுக்கும் ஃபோன் செய்தேன். ஜவுளிக் கடை அம்மா, "அட விடுங்க மிஸ், ஃபோட்டோவெல்லாம் அருமையா வந்திருக்குது" என்றார். டாக்டர் முழுவதும் கேட்டார். சரிங்க என்று வைத்துவிட்டார். அடுத்த மாதம் மகனை வேறு டீச்சரிடம் சேர்த்துவிட்டார். நல்ல பையன், மெதுவாக வாசித்தாலும் ரசித்து வாசிப்பான். அவனை இழந்ததில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு, ஆனால் அவர் செய்ததைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் இல்லை.

சூலூர்ப் பெண் அடுத்த வாரமே வகுப்புக்கு வந்தாள். ஆனால் இரண்டு மூன்று மாதம் கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொன்னாள். நானாக எதுவும் வற்புறுத்தவில்லை. இப்போது ஒன்பதாம் வகுப்பு. நன்றாகவே பேசுகிறாள், சமயத்தில் கொஞ்சம் அதிகமாகவே.

அந்த நாளை நினைக்கும்போது, முப்பது வருடமாகத் தப்பான கட்டையை அழுத்தியது எனக்கு இப்போது பெரிதாகத் தெரிவதில்லை. ஒருவேளை அன்று நான் சொன்னதே சரியாக இருந்திருந்தால், ஒரு குழந்தையை அத்தனை பேர் முன்னால் அழவைத்ததை ஒரு தப்பு என்றே உணராமல் வீட்டுக்குப் போயிருப்பேனே என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.