நமது நிருபர்

தொண்ணூறுகளில் வங்கி வேலை முடிந்ததும் மயிலாப்பூர் வாசகசாலைக்குப் போவேன். அங்கே நாற்பது வயதுப் பெண்மணி ஒருவர், ஒரே செய்தியை மூன்று நாளிதழ்களில் தேடி, அருகருகே விரித்து வைத்துப் படிப்பார். ஒருநாள் காரணம் கேட்டேன்.

"எங்க வீட்டுக்காரர் ரிப்போர்ட்டருங்க. என்கிட்ட கோவிச்சுகிட்டு ஊரை விட்டே போயிட்டார். இப்போ எந்தப் பேப்பர்ல இருக்கார்னே தெரியல."

"செய்தியில 'நமது நிருபர்'னுதானே போடுவாங்க? எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"'கூறப்படுகிறது'ன்னு அவர் எழுதவே மாட்டார். யார் சொன்னாங்கன்னு போட்டுடுவார். போலீஸ் சொன்னதை எழுதினா, அடிபட்டவங்க சொன்னதும் அடுத்த வரியிலேயே வந்துடும். கடைசியில போட்டா, இடமில்லைன்னு வெட்டிடுவாங்களாம்."

சில வாரங்கள் கழித்து ஒரு மாலை, என்னைக் கை காட்டி அழைத்தார். தெற்கே ஒரு சிற்றூரில் குடிசைகள் எரிந்த சிறிய செய்தி அது. ஸ்டவ் வெடித்ததே காரணம் என்று போலீசார் கூறினர். அடுத்த வரியில், "அன்னிக்கு எங்க வீட்ல அடுப்பே பத்த வைக்கல" என்று வீடிழந்த பெண் சொல்லியிருந்தார்.

"அவரேதாங்க" என்றார். விரல் அந்த வரியிலேயே இருந்தது. பிறகு ஊர்ப் பெயரை இரண்டு முறை மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் முதல் அவர் வரவில்லை. அப்படி எழுதக்கூடிய நிருபர் வேறு யாராவது இருந்திருக்கலாம். ஆனாலும், அந்தச் செய்தியை எழுதியவர் அவருடைய கணவராகவே இருந்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் ஏங்குகிறேன்.