அக்கா கூப்பிடாத வீடு

எங்கள் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை என்றால் பையன்தான். வாத்தியாருக்குப் பிரம்பு எடுத்துக் கொடுப்பதும், வகுப்பில் பேசியவனைக் காட்டிக் கொடுப்பதும் அவனுடைய உத்தியோகம். புதிதாக வந்த டீச்சர் அந்த வழக்கத்தை உடைத்து, ஐந்தாம் வகுப்பில் படித்த என் அக்காவைச் சட்டாம்பிள்ளை ஆக்கினார். பையன்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார்கள். ஒன்றாம் வகுப்பில் இருந்த எனக்கோ தலைகால் புரியவில்லை.

அக்காவுக்கு டீச்சர் கொடுத்த வேலை வேறு. காலையில் நாரணாபுரத்துத் தெருக்களில் வீடுவீடாகப் போய்ப் பெண்பிள்ளைகளைக் கூட்டி வர வேண்டும். தம்பியைத் தூக்க ஆளில்லை, தண்ணீர் எடுக்க ஆளில்லை என்று தாய்மார் ஆயிரம் சாக்குச் சொல்வார்கள். அக்கா அசைய மாட்டாள். குடத்தை வாங்கிப் போய்த் தானே தண்ணீர் எடுத்து வைத்துவிட்டு, "இப்ப அனுப்புங்க அத்தை" என்று நிற்பாள். ஒன்னைய நம்பித்தான் அனுப்புறேன் என்று அவர்களும் இறங்கி வந்துவிடுவார்கள். வரிசையின் கடைசியில் நான் மிதப்பாக நடப்பேன். பெண்களுக்கென்று இருந்த ஒரே பலகை நிரம்பி, தரையில் சாக்கு விரிக்க வேண்டியதாயிற்று.

அந்த வரிசையை இன்னொருவரும் பார்த்துக்கொண்டிருந்தார். தீப்பெட்டி ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் தொழிற்சாலைக்கு ஆள் பிடிக்கும் ஏஜெண்டு அவர். குச்சி அடுக்குவதற்குச் சின்ன விரல்கள்தான் வாகு என்பார்கள். மழை பொய்த்து, கரிசலில் எங்கள் பருத்தி கருகி நின்ற வருஷம் அது. அவர் நேராக எங்கள் அப்பாவிடம் வந்தார்.

"அண்ணாச்சி, நான் கூப்பிட்டாக் கதவைச் சாத்துறாக. ஒங்க மக கூப்பிட்டா அம்புட்டுப் புள்ளைகளும் வருதுக. இந்த ஒரு சீசனுக்கு அவளை அனுப்பி வைங்க. அவதான் அதுகளுக்கெல்லாம் தலைவி."

மறுநாள் அக்கா அதே தெருக்களில் போனாள். இந்தத் தடவை எந்தத் தாயும் சாக்குச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துப் பக்கம் திரும்ப வேண்டிய வரிசை நேரே ஆபீஸுக்குப் போயிற்று. டீச்சர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அக்கா தலையை நிமிர்த்தவில்லை.

எனக்கு வயிறு எரிந்தது. என் வயசுச் சோட்டுப் பிள்ளைகள் எல்லாம் அக்காவோடு ஆபீஸுக்குப் போகிறார்கள், நான் மட்டும் காலிப் பலகையில் தனியாக உட்கார்ந்து 'அணில், ஆடு' படிக்கிறேன். ஊரில் எல்லா வீட்டு வாசலிலும் நின்று கூப்பிடுகிற அக்கா எங்கள் வீட்டில் மட்டும் யாரையும் கூப்பிடாமல் போனாள்.

ஒருநாள் சத்தமில்லாமல் வரிசையின் கடைசியில் போய் ஒட்டிக்கொண்டேன். பள்ளிக்கூடத்தைத் தாண்டியதும் அக்கா பார்த்துவிட்டாள். அதுவரை என்மேல் கை வைத்ததே இல்லை. ஓடிவந்து கன்னத்தில் ஓர் அறை விட்டு, பள்ளிக்கூட வாசல்வரை தரதரவென்று இழுத்துப் போய் உள்ளே தள்ளினாள்.

"இன்னொரு தடவ பின்னால வந்தே, காலை ஒடிச்சிருவேன்!"

அதுவரை மற்றப் பிள்ளைகள் வெயிலில் அவளுக்காகக் காத்து நின்றார்கள். அவர்களில் ஒருத்தியையும் அப்படி அறைந்து இழுத்துப் போட ஆள் இல்லை என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

சாயங்காலம் அக்கா எனக்குச் சோறு பிசைந்து ஊட்ட வந்தாள். கையில் தீக்குச்சி மருந்து வாடை அடித்தது. அழுதுகொண்டே தட்டிவிட்டேன். அவள் எழுந்து வெளியே போய்விட்டாள். அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"அந்தக் கையவா தட்டிவிடுற? தங்கச்சிய எந்தக் காலத்துலயும் ஆபீஸுக்கு அனுப்பக் கூடாதுன்னு ஒங்க அப்பாகிட்ட சத்தியம் வாங்கிட்டுத்தான் அவ போகவே சம்மதிச்சா, தெரியுமா?"

ஆக, என்னை ஒதுக்கி வைத்ததில் அப்பாவுக்கும் பங்கு இருக்கிறது. இனி ஒருநாளும் என்னைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்பது உறுதியாகிவிட்டது. நான் முன்னிலும் சத்தமாக அழுதேன்.